கிளிசரால் தட்டில் வளர்ந்தவை

யாஸ்மினின் ஈஸ்ட் செல்கள் சர்க்கரைத் தட்டில் மதமதவென்று வளர்ந்தன. கிளிசரால் தட்டில் ஒன்றுகூட எழவில்லை. அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான். சர்க்கரை கிடைத்தால் ஈஸ்ட் அதை நொதிக்க வைத்து எப்படியும் பிழைத்துக்கொள்ளும். கிளிசராலைத் தின்று வாழ மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். ஜீன்களை முடுக்கிவிடும் புரதம் ஒன்றை உண்டாக்கும் ஜீனை அவள் அந்தச் செல்களிலிருந்து நீக்கியிருந்தாள். மைட்டோகாண்ட்ரியாவை இயங்கச் செய்வது அந்தப் புரதம்தான் என்று பாலக்காட்டு ஆய்வகத்தில் எல்லோர் முன்னிலும் அடித்துச் சொன்னாள்.

அப்போதுதான் சோனா கையைத் தூக்கினாள். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்திலிருந்து வந்தவள், விடுதியில் யாஸ்மினின் அறைத்தோழி.

“ஏட்டி, மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு தனி டி.என்.ஏ. இருக்குல்லா? அது தொலைஞ்சு போனாலும் இப்படித்தான வளராம கெடக்கும்?”

யாஸ்மினின் முகம் சுண்டிப்போனது. இதை அறையில் கேட்டிருக்கக் கூடாதா? அன்றிரவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கேள்வி மட்டும் அவளை விடவில்லை. டி.என்.ஏ. தொலைந்திருந்தால் புரதத்தைத் திருப்பிக் கொடுத்தும் பயனில்லை. டி.என்.ஏ. இருந்தும் புரதத்தின் ஆணை வராமல் முடங்கிக் கிடந்தால்தான் செல்கள் மீண்டெழும்.

காலையில் வேலையைத் தொடங்கினாள். நீக்கிய ஜீனைச் செல்களுக்குள் திரும்பச் சேர்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பகுதியை அப்படியே விட்டாள். கிளிசரால் தட்டின் ஒரு பாதியில் இவற்றையும் மறு பாதியில் அவற்றையும் பரப்பி இன்குபேட்டரில் வைத்த கையோடு, மாமன் மகள் கல்யாணத்துக்கு வேலந்தாவளம் புறப்பட வேண்டியதாயிற்று. வேறு வழியின்றிச் சோனாவிடமே தட்டை ஒப்படைத்தாள்.

கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“ஏட்டி, வளந்துருக்கு!”

“சும்மா சொல்லாதடி.”

“படம் அனுப்பிருக்கேன், பாரு.”

தட்டில் ஜீன் சேர்க்காத பாதி வெறுமையாக இருந்தது. மறு பாதியில் வெளிர்ப் புள்ளிகள் மணிமணியாகப் பூத்திருந்தன. யாஸ்மின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த அவள் அம்மா பாத்து, மகளின் முகத்தைக் கண்டு பதறிப்போனாள்.

“ஆருக்கு என்னடி ஆச்சு?”

“இனி எந்திரிக்காதுன்னு பயந்துட்டிருந்தேன். பொழைச்சுக்கிச்சும்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள் பாத்து, பிழைத்தது ஆரென்று மேற்கொண்டு கேட்காமலே.

யாஸ்மின் போனைக் காதோடு அணைத்தாள். “சோனா, நீ கேக்காம இருந்திருந்தா நான் இதைச் செஞ்சே பாத்திருக்க மாட்டேன்.”

“அது கெடக்கட்டும். பிரியாணி கட்டிட்டு வா.”

மறுநாள் பாலக்காட்டுப் பேருந்தில் பிரியாணித் தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு யாஸ்மின் தனக்குள் சிரித்தபடி வந்தாள்.