கையை விட்ட இடம்

மூன்றாவது தீவை நெருங்கியதும் படகோட்டி இஞ்சினை அணைத்தார். அதுவரை அந்த இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த என் பயம் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"வா சித்தி, சீக்கிரம்!" என்று குதித்தாள் குருவி. அக்காவின் மகள். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் அவள் பேச்சுக்கு நடுவே காற்று சீட்டி அடிக்கும்.

அக்காவுக்குக் காலையிலிருந்தே தலைசுற்றல். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு படகின் ஓரத்தில் சுருண்டிருந்தாள். "கடல் என் வயித்தைக் கலக்கல. நீ இவளைக் கூட்டிட்டுப் போறதுதான் கலக்குது. பால் பொங்கறதை நின்னு வேடிக்கை பார்த்தவதானே நீ."

"அது ஒரு தடவைக்கா."

"ஒரு தடவையா? நம்ம பால்காரர் உன்னாலதான் மாடி கட்டினார்."

படகோட்டி சிரித்துவிட்டார். குருவியும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். அக்கா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையை விட்டுடாதேடி. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்."

ஏணியில் இறங்கும் முன் குருவியிடம் சொன்னேன்: "தப்பித்தவறி கை விட்டுப்போச்சுன்னா நீந்தாதே. அங்கேயே மல்லாந்து மித. நான் வந்துடுவேன்."

"அசையக் கூடாதா?"

"அசையவே கூடாது."

நீருக்குள் முகத்தை வைத்ததும் உலகம் வாயை மூடிக்கொண்டது. என் மூச்சு மட்டும், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல் கேட்டது. கீழே பவளப்பாறை. மஞ்சள் மீன்கள் ஒன்றாகத் திரும்பின. ஒவ்வொரு மீனுக்கும் குருவி என் கையை ஒரு முறை அழுத்தினாள். தீவின் கரும்பாறை முனையில் இன்னொரு படகிலிருந்தும் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் அதே ஆரஞ்சு மிதவைச் சட்டை, முகத்தை மறைக்கும் அதே நீலக் கண்ணாடி. அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது என் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. உப்பு கண்ணைக் கரித்தது. கையை விட்டேன். கண்ணாடியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு கையை நீட்டினேன். சின்னக் கை வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் அந்த ஆமை வந்தது. அவசரமே இல்லாத மிருகம். அதன் பின்னாலேயே போனோம். பச்சை வெளிச்சம் அதன் முதுகில் நெளிந்தது. நானும் ஒரு கனவுக்குள் போய்விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

உள்ளங்கையில் நகம் குத்தியது.

குருவிக்கு நகம் கிடையாது. எல்லாவற்றையும் கடித்துவிடுவாள்.

தலையைத் தூக்கினேன். பக்கத்தில் ஒரு பையன். கண்ணாடிக்குள் அவன் கண்கள் என்னையே பார்த்தன. வாயிலிருந்த மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு, "நீங்க எங்கம்மா இல்ல," என்றான். அழ ஆரம்பித்தான்.

"குருவி!" என்று கத்தினேன். சுற்றிலும் ஆரஞ்சுப் புள்ளிகள். எதுவும் திரும்பவில்லை. பையன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனை அங்கே விடவும் முடியாது, வைத்துக்கொண்டு தேடவும் முடியாது. படகை நோக்கி நீந்தினேன்.

எங்களைப் பார்த்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது. "என் தங்கமே! பயப்படாம எவ்வளவு தூரம் போயிட்டே!" என்று பையனைப் பார்த்துக் கையாட்டினாள். "மாஸ்க்கைக் கழட்டிடாதே, கண்ணு எரியும்!"

ஏணியைப் பிடித்ததும் பையன் கண்ணாடியைக் கழற்றினான். அக்காவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"குருவி எங்கேடி?"

"பாறைகிட்ட... கை மாறிப்போச்சுக்கா."

படகோட்டி விசிலை ஊதினார். நீரில் தலைகள் நிமிர்ந்தன. எதுவும் குருவியுடையது இல்லை. "எல்லாரும் ஏறுங்க! ஆள் தண்ணியில இருந்தா இஞ்சினைப் போட முடியாது, கீழே விசிறி இருக்கு!" என்று கத்தினார். அதற்குள் நான் திரும்பி நீந்திக்கொண்டிருந்தேன்.

கையை விட்ட இடத்தில் வெறும் தண்ணீர். இந்தப் பக்கம் பாய்ந்தேன், அந்தப் பக்கம் பாய்ந்தேன். அவளுடைய மிதவைச் சட்டையின் கீழ்க்கொக்கியை மாட்டினேனா? மாட்டின நினைவு இல்லை. மாட்டாத நினைவும் இல்லை.

பிறகு ஒன்று தோன்றியது. அசையாதே என்று சொல்லியிருக்கிறேன். அவள் அசைந்திருக்க மாட்டாள். கடல்தான் அசைந்திருக்கும்.

அதே இடத்தில் மல்லாந்து படுத்தேன். கைகால்களை விட்டுவிட்டேன். நீரோட்டம் என்னை எடுத்துக்கொண்டது. முதலில் மெதுவாக, பாறை முனையைத் தாண்டியதும் வேகமாக. விசில் சத்தம் நின்றது. முதுகுக்குக் கீழே தண்ணீர் சில்லென்றது. ஒரு முறை குப்புறப் புரண்டு பார்த்தேன். தரை இல்லை. நீலம் கறுத்துக்கொண்டே போயிற்று. உடம்பில் இருந்த அத்தனை எலும்பும் திரும்பு, நீந்து என்றது. ஒரு தடவை காலை உதைத்தாலும் அவள் போன வழி தப்பிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஓர் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. முகம் தெரியவில்லை, நடுவே அலை. அதற்குள் ஆள் இருக்கிறதா என்று தெரியாத அந்த நேரத்தை இன்றுவரை என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை.

மெல்லிய சீட்டிச் சத்தம் கேட்டது. "அசையக் கூடாது... அசையக் கூடாது..."

கண்களை இறுக மூடியபடி விறைத்துக் கிடந்தாள். கையைப் பற்றி, விரல் நுனிகளைத் தடவினேன். நகமே இல்லை.

"அசையவே இல்ல சித்தி," என்றாள். "மூக்கு அரிச்சுது. அப்பவும் அசையல."

படகு பாறையைச் சுற்றி வந்து எங்களைத் தூக்கியது. அக்கா அவளை உடனே கட்டிக்கொள்ளவில்லை. முதலில் கண்ணாடியைக் கழற்றி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

என்னைத் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பையனை மற்றப் படகிலிருந்த அவன் அம்மாவிடம் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் குருவி எங்கள் நடுவே தூங்கினாள். ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தோம். தூக்கத்தில் அவள் உருவப் பார்த்தபோதும் இருவரும் விடவில்லை.

"நான் பார்த்துட்டேதான்டி இருந்தேன்," என்றாள் அக்கா, தூரத்தில் போகும் மற்றப் படகைப் பார்த்தபடி. "கண்ணை எடுக்கவே இல்ல. என் பொண்ணுன்னு நெனச்சு நிம்மதியா கையாட்டினேன்."