பத்து மணிப் பால்

காலை பத்து மணிக்குக் கங்காணி விசில் ஊதுவார். தோட்டத்தில் நிரந்தரமாகப் பெயர் பதிந்த தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கைப்பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் பால் கொடுக்க இறங்கிப் போவார்கள். நான் போக முடியாது. நான் சீசன் ஆள். மழை விட்டுத் தேயிலைக் கொழுந்து பொங்கி வருகிற மாதங்களில் எங்களைக் கூப்பிடுவார்கள். பெயர் பதிகிற நாள் நெருங்கினால் நிறுத்திவிடுவார்கள். பதிந்தவள் பறித்தது, சீசன்காரி பறித்தது என்று கொழுந்தில் மட்டும் பேதம் கிடையாது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து சீசன் அது. என் மகள் ஷாமிளாவுக்கு ஏழு மாதம். கஹவத்தைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், நாத்தனார் மருதாயியிடம் அவளை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வருவேன். பத்து மணியானால் மார்பு கட்டிக்கொள்ளும். மற்றவர்கள் இறங்கிப் போக, நான் செடி மறைவில் குந்திப் பாலைப் பீய்ச்சி விடுவேன். தேயிலைக்குப் பால் ஊட்டியவள் நீ ஒருத்திதான் என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அவர்களோடு நானும் இறங்கிப் போவதாக நினைத்துக்கொள்வேன். காம்பராக் கதவு, தொட்டில், அதில் என் பிள்ளை. மனதால் ஒரு நாள்கூடத் தவறாமல் போய் வந்தேன்.

ஒரு சாயங்காலம் கங்காணி முத்துவீரன் எங்களை வழியில் நிறுத்திச் சொன்னார்.

"சீசன் ஆளுங்க நாளைக்கு கைப்புள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு வாங்க. காம்பராவுல விடலாம்."

வெளிநாட்டில் எங்கள் தேயிலையை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்புகிறார்களாம். பதிந்தவர்களுக்கு உள்ள வசதி சீசன் ஆட்களுக்கும் உண்டா என்று பார்ப்பார்களாம்.

"நாளைக்கு மட்டுமாங்க?" என்றேன்.

"மொதல்ல நாளைக்கு கொண்டாங்க. பொறகு பாப்போம்."

அந்தப் 'பொறகு' எனக்குப் போதுமாக இருந்தது. ஷாமிளாவுக்குப் புதுச் சட்டை போட்டேன்.

மறுநாள் காம்பராவே கல்யாண வீடுபோல இருந்தது. சுண்ணாம்பு வாசம், புதுப் பாய், வெள்ளைத் தொட்டில் சேலைகள். பிள்ளை பார்க்கிற சுப்பம்மாவுக்குப் புது ஏப்ரன் வேறு. விசில் ஊதியதும் நான்தான் முதலில் ஓடினேன். ஷாமிளா என்னைக் கண்டதும் கையையும் காலையும் உதறினாள். அந்த வெளிச்சத்தில் அவள் பால் குடிப்பதை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் எப்போதும் இருட்டு, அவசரம், அரைத் தூக்கம். இங்கே அவள் நிறுத்தி நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் சோதனைக்கு வந்த அம்மா, தோட்டத்துத் துரையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். சிங்களத்தில் பேசினார். நான் சொல்வது துரைக்குப் போகாது, பயப்படாமல் சொல்லலாம் என்றார். பிறகு கேட்டார், தினமும் இப்படித்தான் வந்து பால் கொடுப்பாயா என்று.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரும் என்னை மிரட்டவில்லை. ஆனால் ஷாமிளாவின் கை என் கழுத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னால் அந்த நொடியே அவளை மடியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பட்டது.

"ஹெமதாம," என்றேன். தினமும்.

அவர் சிரித்து, எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த நாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ருவான்வெல்லையிலிருந்து சீசனுக்கு வந்து தங்கியிருந்த மல்லிகா அக்காவும் தன் கைப்பிள்ளையோடு வாசலில் நின்றாள். சுப்பம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே தொட்டில் சேலைகளை அவிழ்த்திருந்தார்கள்.

"நேத்தோட சரி. எனக்கு உத்தரவு இல்லடி," என்றாள்.

முத்துவீரன் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வந்தவங்க போறப்போ தொரைகிட்ட சொல்லிட்டாங்க. சீசன் ஆளுங்களுக்கு எல்லாம் ஒழுங்கா நடக்குதாம், மாத்த ஒண்ணுமில்லையாம். தாய்மார்கிட்டயே கேட்டாங்களாம், ஹெமதாம வாறோம்னு சொன்னாங்களாம். இனி நான் என்னத்த பேச?"

மல்லிகா அக்கா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அவளுடைய சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

"எவ அப்பிடிச் சொன்னா? அவ புள்ள பெத்தவளா இருக்க மாட்டா," என்றாள்.

ஷாமிளா அந்தப் பாதிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாக்கா சொன்னேன்," என்றேன். "சொல்லும்போது எனக்கு அது பொய்யாத் தெரியல."