மேசைக்கு அந்தப் பக்கம்

அவளுடைய நேர்காணலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் கணவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டார். சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டார். முப்பது வருஷமாக ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும் மனிதர். அதிகாரியாக நடிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் சும்மா விடுவாரா?

"வாங்க, உக்காருங்க. உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

அவள் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். மகள் எழுதிக் கொடுத்த முதல் வரி தலைகீழ்ப் பாடமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நாலாம் நம்பர், சொல்லுங்க."

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மேசைமேல் விழுந்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருபத்தோரு வருஷமாக இந்த வாக்கியத்தைச் சொல்லாத நாக்கு அதை எங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்ததோ தெரியவில்லை.

எட்டு வருஷம் அவள் அவருடைய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை. ஆறு நாற்காலி, ஆறு பெண்கள். எதிரே சுவர் உயரத்துக்குப் பலகை. பலகை முழுக்க ஓட்டை, ஓட்டைக்கு மேலே சின்னச் சின்ன விளக்கு. விளக்கு எரிந்தால் வயரை எடுத்துச் சொருக வேண்டும், பேச்சு முடிந்தால் பிடுங்க வேண்டும். ஆபரேட்டர் பெயர் சொல்லக்கூடாது, நம்பர்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். பெயர் தெரிந்தால் வெளியாட்கள் தினமும் கூப்பிட்டுக் கதையளப்பார்களாம். இந்தச் சட்டத்தை அவர்கள் மீறாமல் காப்பாற்றியதில், கடைசியில் தங்களுக்குள்ளேயே நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். "ரெண்டு, உனக்கு டீ வேணுமா?" "அஞ்சு இன்னைக்கு வரல, வீட்ல விசேஷம்." இப்படித்தான்.

பிரசவ வார்டுக்குப் போன் செய்யும் அப்பாக்களை அவளுக்கு மூச்சுச் சத்தத்திலேயே தெரியும். "ஆயிடுச்சா மேடம்? என்ன குழந்தை?" என்று கெஞ்சுவார்கள். சொல்லக்கூடாது, வார்டுக்குத்தான் இணைக்க வேண்டும். நல்ல செய்தி என்று தெரிந்தால், "லைன்ல இருங்க" என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வாள். அதைக் கேட்டதுமே சில பேர் போனிலேயே அழுதுவிடுவார்கள். அந்த அறையில் இருந்த அளவுக்கு அவள் வேறெங்கும் முக்கியமானவளாக இருந்ததில்லை. யாராவது கேட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

மருந்து ஸ்டோரிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் வரும். "நாலாம் நம்பருங்களா? ஆபரேஷன் தியேட்டர் குடுங்களேன். மெதுவாக் குடுங்க, அவசரமில்லை." அவசரமில்லாமல் ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசுகிற ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருநாள் அந்தக் குரல் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கேன்டீனுக்கே வந்து, நேராக இரண்டாம் நம்பரிடம் போய், உங்கள் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தது. இரண்டாம் நம்பர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "நான் ரெண்டு. நாலு அந்த மூலைல உக்காந்திருக்கா. போய் இதையே திருப்பிச் சொல்லுங்க," என்றாள். அவர் போனார், திருப்பியும் சொன்னார், பாதியில் மறந்துவிட்டது.

"அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாக்கணுமே," என்றாள் அவள் இப்போது, மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"நேர்காணல்ல அதிகாரியக் கிண்டல் பண்ணக்கூடாதும்மா," என்றார் அவர்.

வேலை, ஊருக்கு மறுகோடியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். தொலைபேசிப் பிரிவுக்கு அனுபவமுள்ளவர்கள் தேவை, வயது தடையில்லை என்ற விளம்பரத்தைப் பார்த்து மகள்தான் விண்ணப்பம் போட்டாள். போட்டுவிட்டுக் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டாள். அவள் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. இது கிடைக்காவிட்டால் இனி எந்த வேலைக்கும் எழுதிப்போடுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் ஒத்திகை தொடர்ந்தது. அவர் என்னென்னவோ கேட்டார். கோபமாகப் பேசுகிறவரை எப்படிச் சமாளிப்பீர்கள், கம்ப்யூட்டர் தெரியுமா, ராத்திரி ஷிப்ட் பார்ப்பீர்களா. அவள் நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அந்த அரை மணி நேரம் பிடித்துப்போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர் அவளை "நீங்க" என்றார். போனில் பேசிய காலத்தில் "நீங்க" என்றுதான் சொல்வார். கல்யாணமாகி ஒரு வாரத்தில் அது "நீ" ஆகிவிட்டது. அதில் தப்பொன்றுமில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். இருந்தாலும் இத்தனை வருஷம் கழித்து அந்த "நீங்க" காதில் விழுந்தபோது, பலகையில் விளக்கு எரிந்ததுபோல அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஐந்தாவது நாள் அவர் கேட்டார்: "இருபத்தோரு வருஷம் இடைவெளி இருக்கே. அந்த வேலையை ஏன் விட்டீங்க?"

அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"குடும்பச் சூழ்நிலைன்னு சொல்லிடு. எல்லாரும் அதான் சொல்லுவாங்க," என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தார்.

"அதிகாரி பதில் சொல்லித் தரக்கூடாது," என்றாள் அவள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "என் மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு சார். ஆறு மாசம் லீவு போடுன்னு என் வீட்டுக்காரர் சொன்னார். லீவு தரமாட்டேன்னுட்டாங்க. அப்ப ராஜினாமா எழுதிக் குடுத்துடு, அப்புறம் திரும்பச் சேந்துக்கலாம்னார். எழுதிக் குடுத்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, போட்டுக்கொள்ளவும் இல்லை. பாதியில் கை நின்றுவிட்டது.

"ஒன்றரை வருஷத்துல அத்தை போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு நான் கேட்டேன் சார், நான் வேலைக்குப் போகட்டுமான்னு. அடுத்த மாசம் பாக்கலாம்னார். எந்த மாசம்னு சொல்லல. அப்புறம் பொண்ணு பொறந்தா."

"திரும்பக் கேக்கலையா... நீங்க?"

"இல்ல சார். சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்லிட்டிருந்தார். அதுக்கு நடுவுல எப்படிக் கேக்கிறது?"

அன்றைக்கு ஒத்திகை அதோடு முடிந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் நாற்காலி போடவில்லை. வீட்டில் வழக்கமான பேச்சு நடந்தது. பால் வாங்கியாச்சா, கேஸ் தீர்ந்துவிட்டதா, அவ்வளவுதான். சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. ஆனால் சொன்ன பிறகும் ஒன்றும் நடக்காதது அவளை அரித்தது. நேர்காணலில் இதைக் கேட்டால் குரல் உடைந்துவிடுமோ என்று வேறு பயம் வந்துவிட்டது. ஆபரேட்டருக்குக் குரல் உடைந்தால் அப்புறம் என்ன இருக்கிறது?

நேர்காணல் அன்று அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

உள்ளே இரண்டு ஆண்களும் ஒரு அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மாதான் பிரிவின் தலைவி. ஹெட்போனை நீட்டி, பக்கத்து அறையிலிருந்து பேசுகிறவரைச் சமாளிக்கச் சொன்னார்கள். ஒரு குரல், அப்பாவுக்கு நெஞ்சுவலி, யாரைக் கேட்டாலும் பதிலில்லை என்று கத்தியது. நடிப்பு என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் முதுகு தானாக நிமிர்ந்தது. "லைன்ல இருங்க, நான் எங்கயும் போகல. அப்பாவை எந்த வார்டுல சேத்திருக்காங்க?" என்றாள். கத்திய குரல் இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அந்த அம்மா விண்ணப்பத்தைப் புரட்டி, "இருபத்தோரு வருஷமா?" என்று படித்தாள். இவள் பதிலுக்கு வாயெடுத்தாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். "திங்கக்கிழமை சேர முடியுமா? காலை ஆறு மணி ஷிப்ட்."

"முடியும்," என்றாள்.

வெளியே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"கெடச்சுதா?"

"திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க."

அவர் முகம் மலர்ந்தது. அதில் பொய் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கேள்வி?"

"கேக்கல."

அப்பாடா என்று அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. மூச்சுச் சத்தத்தில் ஆளை அளக்கத் தெரிந்தவளிடம் அதை மறைக்க முடியுமா? அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கும் இடம் விட்டார். அவள் உட்கார்ந்ததும் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்க கேக்கலன்னா என்ன? நீ கேளு," என்றார். "என்னைக் கேளு."

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"அம்மா போனப்புறம் காரணம் ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும். நான் வீட்டுக்கு வர்றப்ப நீ கதவத் தொறந்தே. அது எனக்குப் பழகிப்போச்சு, பிடிச்சும் போச்சு. நீ கேட்டப்ப, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்னு தோணுச்சு. அப்புறம் நீ கேக்கல. கேக்காதது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்."

இந்தப் பதிலைக் கேட்டால் நிம்மதி வரும் என்று அவள் நினைத்திருந்தாள். அழுகைதான் வந்தது. அதை விழுங்கினாள்.

"உண்மையச் சொன்னதுக்கு நன்றிங்க," என்றாள், நேர்காணல் அதிகாரியின் குரலில். "முடிவை இப்பவே சொல்ல முடியாது."

"எப்பச் சொல்லுவீங்க?"

"தெரியாது. காத்திருங்க."

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நிறுத்தம் போன பிறகு அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.