வாசலில் ஒரு போர்டு

பெரியவர் அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தை வங்கிக் கடனில் வாங்கியபோது ஈடு போதவில்லை. தங்கை தன் சொந்த வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கே கையெழுத்து என்பதைத் தவிர அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாடகை வரும், தவணை அடைபடும் என்று அண்ணன் சொன்னது அவளுக்குப் போதும்.

மேல் இரண்டு மாடிகளும் காலியானபோது, வாசலில் ‘வாடகைக்கு’ என்று ஒரு போர்டு மாட்டும்படி தரகர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து அவர்கள் வாசலில் குடும்பப் பெயரைத் தவிர வேறு எழுத்து ஏறியதில்லை. ஆள் கேட்டு போர்டு மாட்டுவதும் தெருவில் கையேந்துவதும் அவருக்கு ஒன்றுதான். தெரிந்தவர்கள் சொல்லி நல்ல குடும்பங்கள் வரும் என்றார்.

"மேல வீடு காலின்னு ஊருக்குக் கனவுலயா தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போன தரகர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. தவணை தவறத் தொடங்கியது.

கடனை நீட்டிக்க வேண்டுமானால் வீடுகளில் ஆள் இருப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றது வங்கி. அதிகாரி வருகிற அன்று காலையில் மருமகள் காலி வீடுகளின் பால்கனிகளில் ஈரத்துணியைக் காயப்போட்டாள். தங்கையும் தன் புடவைகளை நனைத்து எடுத்து வந்திருந்தாள். பெரியவர் பார்க்காதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை.

அதிகாரி கீழிருந்தே துணிகளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மேலே ஏறி ஒரு வீட்டைத் திறக்கச் சொன்னார். நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகினார். குழாய் இருமிவிட்டுத் துருநீரைக் கக்கியது.

"இந்தத் தண்ணியத்தான் இங்க இருக்கறவங்க குடிக்கிறாங்களா சார்?"

துணியை வைத்துப் பொய் சொல்ல விட்டவருக்கு, அதையே வாயால் சொல்ல வரவில்லை.

மேல் மாடிகள் காலியாகக் கிடந்த கட்டிடம் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயிற்று. மீதிக் கடனுக்குத் தங்கையின் வீடு.

வங்கி ஆள் அவள் வாசல் கதவில் ‘ஏலத்துக்கு’ போர்டை மாட்ட வந்த அன்று, கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவில் அவள் நின்றாள். அழவில்லை.

"கோணலா இருக்கு. நேரா மாட்டச் சொல்லுங்கண்ணா," என்றாள் பக்கத்தில் நின்ற பெரியவரிடம். "நம்ம குடும்பத்து வாசல் இல்லையா?"

பெரியவர் போய்ப் போர்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கடைசி ஆணி இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.