சின்னனாய்ப் போன லட்டு

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் இராஜதுரையின் பலகாரக் கடையில் யசோதினி ஆறு வருடங்களாக லட்டுப் பிடித்தாள். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை, தரையில் காஸ் அடுப்பு, அதன் மேல் எண்ணெய்த் தாச்சி. விசா இல்லாத காலத்தில் வேலை தந்தவர் என்பதால் அவரை மறுத்து அவள் பேசியதில்லை.

கடலை மாவும் எண்ணெயும் விலை ஏறிய வருடம் அவர் ஓர் ஐஸ்கிரீம் கரண்டியைக் கொண்டுவந்து, "இனி இந்த அளவிலை பிடி" என்றார். அடுத்த வருடம் அதைவிடச் சிறிய கரண்டி. இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு இன்னும் சிறியது.

"அண்ணை, ஆக்கள் கேப்பினம்."

"பெட்டி அதே பெட்டி. விலையும் அதே விலை. ஒருத்தரும் கேக்காயினம்."

கேட்க வந்தவர் மடுத்தீன். மன்னார்க்காரர், புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வீடு. தேவாலயத்தில் மகள் முதல் நன்மை பெற்ற விருந்துக்கு லட்டு வாங்கிப் போயிருந்தார். விருந்தில் மைத்துனர் ஒன்றை எடுத்துக் கோலிக்குண்டு போல மேசையில் சுண்டிவிட்டு, "இது லட்டோ, போளையோ?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. செவ்வாய்க்கிழமை மதியம் மிஞ்சிய லட்டுகளோடு வந்து கடையின் கண்ணாடி அலமாரி மேல் கவிழ்த்தார். அவை உருண்டு வரிசையில் நின்றவர்களின் காலடியில் விழுந்தன.

"என்ன காணும் இது? காசு வேண்டேக்கை மட்டும் குறையேல்லைத்தானே?"

இராஜதுரை பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு சொக்லேட்டை எடுத்துக் காட்டிச் சிரித்தார். "இதையும் பாருங்கோ. பெரிய கொம்பனிக்காரனே சின்னனாக்கிப்போட்டு அதே விலைக்கு விக்கிறான். அவனோடை போய்ச் சண்டை பிடிப்பியளோ?"

"அவனை நம்பி நான் ஊருக்குச் சொல்லி விருந்து வைக்கேல்லை!"

"ஓம், போன மாசம் எனக்கும் உப்பிடித்தான்" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. இன்னொருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தார். இராஜதுரையின் சிரிப்பு நின்றது. பின்னறைப் பக்கம் கையை நீட்டினார்.

"உள்ளுக்கை நிக்கிறவளைக் கேளுங்கோ. நான் குடுக்கிற சாமானிலை பாதியை வீட்டை கொண்டுபோறாள்."

பூந்தி அரித்துக்கொண்டிருந்த யசோதினி கண்ணகப்பையோடு நிமிர்ந்தாள். "அண்ணை!" என்றாள். அதற்குள் மடுத்தீன் உள்ளே பாய்ந்து அவளின் கொண்டையைப் பிடித்து இழுத்தார். "கள்ளி!"

அவளின் கால் அடுப்பில் இடறியது. தாச்சி சரிந்து கொதித்த எண்ணெய் அவளின் இடது பாதத்தில் கொட்டியது. அவள் அலறிய அலறலில் மடுத்தீன் கையை விட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். காலுறை தோலோடு சேர்ந்து உரிந்தது.

ஓடி வந்த இராஜதுரை அவளின் வாயைப் பொத்தினார். "கத்தாதை. பொலிஸ் வந்தால் உன்னைத்தான் பிடிப்பான். நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லு, மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவளுக்கு விசா கிடைத்து இரண்டு வருடமாகியிருந்தது. அவள் அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் வாய்க்குள் வரும்வரை விடவில்லை. பிறகு இரும்புக் கண்ணகப்பையால் அவரின் முகத்தில் அடித்தாள். அவர் குனிந்தபோது காதில் அடித்தாள். அவர் முன்கடைக்கு ஓடி அந்தக் கண்ணாடி அலமாரியில் மோதி, உடைந்த துண்டுகளோடு ஜிலேபித் தட்டின் மேல் விழுந்தார். எரிந்த காலை இழுத்துக்கொண்டு வந்து அவள் மீண்டும் அடித்தாள்.

"சொல்லும்! ஆர் சின்னனாக்கினது? சொல்லும்!"

"நான்... நான்தான்..."

அதன் பிறகும் அவள் இரண்டு முறை அடித்தாள். மடுத்தீன்தான் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார்.

இராஜதுரைக்கு மூன்று பற்கள் போயின, ஒரு காது கேட்காமல் போயிற்று. யசோதினியின் பாதத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மருத்துவமனைக் கட்டிலில் வைத்து பியட்றிஸ் என்ற பொலிஸ்காரி வாக்குமூலம் எடுத்தாள். "அந்த ஆள் உண்மையைச் சொன்ன பிறகும் ஏன் அடித்தாய்?" என்று அவள் கேட்டபோது, யசோதினி ஒன்றையும் மறைக்கவில்லை.

"கை நிக்கேல்லை. நிக்க வேணும் எண்டு நான் நினைக்கவும் இல்லை."

வழக்கு அடுத்த பனிக்காலத்தில் முடிந்தது. மடுத்தீன் சாட்சி சொன்னார், தான் முதலில் கை வைத்ததையும் சொன்னார். அவருக்கும் யசோதினிக்கும் சிறைக்குப் போகத் தேவையில்லாத தண்டனை. பதிவில்லாமல் வேலை வாங்கியதற்கு இராஜதுரைக்கும் தண்டனை விழுந்தது.

நீதிமன்ற வாசலில் மடுத்தீன் அவளின் முன்னால் வந்து நின்றார். "தங்கச்சி, அவன்ரை கதையைக் கேட்டு உங்களிலை கை வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யசோதினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாதம் குளிரில் விண்விண்ணென்று வலித்தது.

"அந்தக் கண்ணகப்பை அண்டைக்கு உங்களுக்கும் விழுந்திருக்க வேணும்" என்றாள். பிறகு நொண்டியபடி மெத்ரோ ரயிலுக்கு நடந்தாள்.