பிப்ரவரி மூன்றாம் நாளின் மற்றொரு செய்தி

பலராமன் தம் டீக்கடையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கரும்பலகையைத்தான் துடைப்பார். பாலும் தேயிலையும் அதற்குப் பிறகுதான். வில்லியனூருக்கு மேற்கே, மாதா கோயிலைச் சுற்றி அமைந்த அந்தச் சிற்றூரில், அவருடைய கடையை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. கட்சிக்காரர்கள் சேர்ந்து போட்ட படிப்பகம் அது. அதன் வாசலில் தொங்கிய பலகையில் அன்றைய தேதியை எழுதி, அதே தேதியில் முன்னொரு காலத்தில் உலகில் என்ன நடந்தது என்று இரண்டொரு வரிகள் எழுதுவதை அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் பன்னிரண்டு என்றால், மனிதன் முதன்முதலாக விண்வெளிக்குப் போன நாள். ஏப்ரல் பதினைந்து, மூழ்கவே மூழ்காது என்று பேர்வாங்கிய கப்பல் மூழ்கிய நாள். ஆகஸ்டு ஆறு, ஜப்பானில் குண்டு விழுந்த நாள். அக்டோபர் பதினெட்டு, பக்கத்துக் கீழூரில் பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு சேர்வதென்று வாக்களித்த நாள். அன்றைக்கு மட்டும் எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கும்.

இந்தச் செய்திகளையெல்லாம் அவர் பழைய நாளிதழ்களிலிருந்து கத்தரித்துச் சேர்த்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

"இன்னா பலராமா, இன்னிக்கி எவன் செத்தான், எவன் பொறந்தான்?" என்பான் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பக்கிரி. "எம்மாடு நேத்து கன்னு போட்டுச்சு. அதயும் ஒரு வரி எழுதேன்."

"அடுத்த வருசமும் இதே தேதியில போடச் சொல்லு. எழுதறேன்" என்பார் பலராமன்.

மாதா கோயிலில் மணியடிக்கும் சவரிநாதன், காலை மணியை அடித்து முடித்ததும் நேரே அங்கே வருவார். பலகையை வாய்க்குள் படிப்பார். "அப்படியா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு டீ கிளாஸை வாங்கிக்கொள்வார். மழையானாலும் காய்ச்சலானாலும் இந்த முறை மாறாது. ஆண்டுக்கு ஒருநாள் மட்டும், படித்துவிட்டு டீ குடிக்காமல் போய்விடுவார். அது பிப்ரவரி மூன்றாம் நாள்.

அந்த நாளில் பலகையின் விளிம்பில் கறுப்புத் துணி சுற்றியிருக்கும். அதில் இரண்டு வரிகள். 1966: ரஷ்ய விண்கலம் நிலவில் மெல்ல இறங்கியது. 1969: பேரறிஞர் அண்ணா மறைந்தார். இந்த இரண்டில் எதைப் படித்துவிட்டு ஒரு மனிதர் டீயை வேண்டாமென்று போகிறார்? கட்சிப் பற்று என்று ஊரார் எண்ணிக்கொண்டார்கள். உண்மை இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சவரிநாதன். மற்றவர் பலராமன்.

அந்த நாளில் மூன்றாவதாக ஒன்றும் நடந்திருந்தது.

1969-இல் அன்று காலை ரேடியோவில் செய்தி வந்ததும், ஆண்களும் பெண்களும் படிப்பகத்தின் முன்னால் வந்து குந்திக்கொண்டு, தங்கள் வீட்டுச் சாவைப்போலவே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார்கள். பலராமனுக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுவதும் மரத்துப்போனதுபோல, ரேடியோப் பெட்டியையே பார்த்தபடி நின்றார். அப்போது மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. "பாரு, கோயில்லயே நம்ம அண்ணாவுக்கு மணி அடிக்கிறாங்க" என்று ஒருத்தி சொல்ல, அடங்கியிருந்த அழுகை மறுபடி கிளம்பியது.

சிறிது நேரத்தில், மணியடித்த சவரிநாதனே கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றார். பலராமனைக் கைகாட்டி அழைத்தார்.

"பலராமா, மதலேனா போய்ட்டா" என்றார். மதலேனாள் அவருடைய மனைவி. பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தவள். "உங்கிட்டதான் சைக்கிள் இருக்கு. பண்டசோழநல்லூர் போயி அல்போன்சாகிட்ட சொல்லு. அம்மா தவறிப்போச்சு, அப்பா உன்ன ஒடனே வரச் சொன்னாருன்னு சொல்லு. நான் வரச் சொன்னேன்னு சொல்லணும். அத மறந்துடாத."

அல்போன்சா அவருடைய ஒரே மகள். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு ஏற்பட்ட ஒரு மனத்தாங்கலில், ஓராண்டுக்கு மேலாகத் தகப்பனுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. 'நான் வரச் சொன்னேன்' என்பதை அவர் இருமுறை சொன்னதற்குக் காரணம் அதுதான்.

"இதோ போறேண்ணே" என்று பலராமன் சைக்கிளை எடுத்தார்.

வில்லியனூர் கடைத்தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. சென்னைக்குப் புறப்பட்ட லாரி ஒன்று கறுப்புக் கொடிகளோடு உறுமிக்கொண்டு நின்றது. மேலே நின்றவர்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். "இன்னாடா யோசிக்கிற, ஏறுடா! அந்த மொகத்த இனிமே எப்பப் பாக்கப்போற?" என்று ஒருவன் கையை நீட்டினான். பலராமன் யோசிக்கவும் இல்லை. சைக்கிளை ஒரு கடையின் சுவரில் சாய்த்தார், நீட்டிய கையைப் பிடித்தார், ஏறிவிட்டார். லாரி திண்டிவனம் தாண்டிய பிறகுதான் அல்போன்சா என்ற பெயர் அவருடைய நினைவில் எழுந்தது. ஆள்மேல் ஆள் நின்ற அந்த நெரிசலில், இறக்கிவிடு என்று சொல்ல அவர் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் சவரிநாதன் அன்று பகலும் இரவும் மகளுக்காகக் காத்திருந்தார். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். மறுநாள் உச்சிப்பொழுது சாய்ந்ததும், இனிமேல் வைத்திருக்க இயலாது என்று பங்குச் சாமியார் சொன்னார். பாதி ஆண்கள் சென்னைக்குப் போயிருந்தார்கள். இருந்த சிலரே தூக்கிக்கொண்டு போய் மதலேனாளை அடக்கம் செய்தார்கள்.

நெட்டப்பாக்கத்தில் யாரோ சொல்லக் கேட்டு அல்போன்சா ஓடிவந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அந்நேரம் பலராமன், துக்க வீட்டுக்கென்று ஒரு தூக்கில் டீ கொண்டுவந்து, வாசற்படியருகே நின்றிருந்தார்.

"ஊருக்கெல்லாம் மணியடிக்கிற மனுசன், பெத்த பொண்ணுக்கு ஒரு ஆள அனுப்ப முடியலயா?" என்றாள் அவள். "எம்மேல உனக்கு அம்மாம் பெரிய கோவமா? எங்க அம்மா மொகத்தக்கூட எனக்குக் காட்டாம மண்ணுல போட்டுட்டியே?"

சவரிநாதன் தலையை உயர்த்தி, பலராமனை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

"என் தப்புதான் தாயி" என்றார்.

பலராமன் தூக்கின் பிடியைக் கை மாற்றிக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை.

"இனிமே இந்தப் படிய மிதிக்க மாட்டேன். எனக்கு அப்பனும் இல்லன்னு வச்சுக்கறேன்" என்று சொல்லி, அல்போன்சா வந்த வழியே போய்விட்டாள்.

கதைகளில் வருகிற நரிக்கு இப்படியெல்லாம் நேர்வதில்லை. அது தவறு செய்தால், பொழுது சாய்வதற்குள் மழை பெய்து சாயம் வெளுத்துவிடும். சிங்கம் சபையைக் கூட்டித் தீர்ப்பும் சொல்லிவிடும். பலராமனைச் சபைக்கு அழைக்க ஒரு சிங்கமும் இல்லை. அதனால் அவர் டீ ஆற்றினார், பலகை எழுதினார், ஒன்பது ஆண்டுகள் போயின. நெடுநேரம் மடக்கி வைத்த காலில் நோவு இருக்காது. எழுந்து நிற்க முயன்றால்தான் ஆயிரம் ஊசி குத்தும். அவர் எழ முயலவில்லை. சவரிநாதனும் நாள்தோறும் வந்து, "அப்படியா" என்று சொல்லி, டீயை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று பலராமன் தொடக்கத்தில் கவனித்ததுண்டு. பிறகு கவனிப்பதையும் விட்டுவிட்டார்.

1978-இல், சனவரி முடிகிற ஒரு காலையில், பக்கிரிதான் செய்தியைக் கொண்டுவந்தான்.

"சவரி அண்ணன் பாண்டிக்குப் போறாராம்பா. கன்னியாஸ்திரிங்க நடத்துற முதியோர் இல்லத்துக்கு. சாமியாரே பேசி எடம் புடிச்சிட்டாராம்."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? மணிக் கவுறு இழுக்கக் கை வரல. ராத்திரி தண்ணி மொண்டு குடுக்க ஆளு இல்ல. பெத்த பொண்ணு எட்டிப் பாக்கல. நீயும் நானுமா போயி கஞ்சி வைக்கப் போறோம்? நாலாந் தேதி கெளம்புறாரு."

பலராமன் டீயை ஆற்றிக்கொண்டேயிருந்தார். "போதும்யா, பச்சத் தண்ணி ஆயிடப்போவுது" என்று பக்கிரி சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

பிப்ரவரி மூன்று வந்தது. வழக்கம்போலக் கறுப்புத் துணியைச் சுற்றினார். இரண்டு வரிகளையும் எழுதினார். அதன் கீழே மூன்றாவதாக ஒரு வரி எழுதினார். 1969: இவ்வூர் மதலேனாள் அம்மாள் இறந்தார்.

காலை மணி இழுத்து இழுத்து அடித்து ஓய்ந்தது. சவரிநாதன் வந்தார். முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதற்கு வந்ததும் அவருடைய உதடு நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எட்டி, அந்த ஒரு வரியை மட்டும் அழுத்தித் துடைத்தார்.

"ஏண்ணே?" என்றார் பலராமன்.

"ஊரு படிக்கிறதுக்கா அவ செத்தா?"

"எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியலண்ணே."

சவரிநாதன் துண்டிலிருந்த சாக்கட்டித் தூளை உதறினார். ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக, அங்கிருந்த பெஞ்சில் அந்தத் தேதியில் உட்கார்ந்தார்.

"ஒரு கொக்கு, குஞ்சுக்கு மீன் எடுத்துனு போவுது. நடு ஏரியில அத நழுவ விட்டுடுச்சு. அப்பறம் தெனமும் கரையில வந்து நின்னு, மீன் இங்கதான் வுழுந்துச்சு, இங்கதான் வுழுந்துச்சுன்னு ஏரிகிட்ட சொல்லிச்சாம். ஏரிக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. குஞ்சு மட்டும் பட்டினியாவே கெடந்துச்சு" என்றார். பிறகு முழங்காலை ஊன்றி எழுந்தார். "நான் நாளைக்கிப் போறேன். நீ நல்லா இரு."

"அன்னிக்கி நீயே அல்போன்சாகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே. பலராமன அனுப்பினேன்னு ஒரு வார்த்த?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார் சவரிநாதன். டீ குடிக்காமல் நடந்தார்.

பலராமன் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். அவர் மனைவி தனக்கொடி கரண்டியோடு வெளியே வந்தாள். "அடுப்பு எரியுது, எங்கய்யா கெளம்பிட்ட? அண்ணா படத்துக்கு மாலை போட ஆளுங்க வருவாங்களே?"

"போட்டுக்கட்டும்" என்றார்.

வில்லியனூர் கடைத்தெருவில் அன்று கதவுகள் திறந்திருந்தன. சைக்கிளைச் சாய்த்த அந்தச் சுவரில் ஏதோ சினிமாச் சுவரொட்டி இருந்தது. அவர் இறங்கவில்லை. தெற்கே திரும்பி மிதித்தார். இருபுறமும் சம்பா அறுத்த வயல்கள். நெஞ்சில் எதுவும் பொங்கவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியம் மட்டும் வாய்க்குள் பழைய நாணயம்போலக் கிடந்தது.

பண்டசோழநல்லூர்க் களத்தில், அல்போன்சா முறத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் மரியதாஸ் சற்றுத் தள்ளி வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தான்.

"சித்தப்பாவா?" என்றாள் அவள், முறத்தை நிறுத்தாமல். "இன்னா, அவரும் போய்ட்டாரா?"

"இல்லம்மா. இருக்காரு."

"அப்ப இன்னாத்துக்கு இந்த வெயில்ல?"

பலராமன் சொன்னார். துக்க மணி, சைக்கிள், லாரி, திண்டிவனம், தூக்கு டீ. எதையும் விடவில்லை, தமக்குச் சார்பாக எதையும் கூட்டவும் இல்லை. அல்போன்சாவின் முறம் நின்றது. அவள் அதிலிருந்த பதரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். அழவில்லை. ஏசவும் இல்லை. அவள் ஏசியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"லாரி ஏறிப் போனியே, அண்ணா மொகத்தப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"கூட்டம்மா. கிட்டப் போவ முடியல. பாக்கல."

"அப்ப நீயும் பாக்கல. நானும் பாக்கல."

மரியதாஸ் பிரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"எங்கப்பன் மேல வச்ச கோவத்துலதான் சித்தப்பா இத்தினி வருசம் நான் சோறு தின்னேன்" என்றாள் அல்போன்சா. "என் தப்புன்னு அந்த மனுசன் சொன்னாரே. நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"அன்னிக்கி உங்கிட்ட இன்னா சொல்லி அனுப்புனாரு? இப்ப ஒன்னும் சேத்துச் சொல்லாத. அவரு சொன்னத அப்டியே சொல்லு. இவரும் கேக்கட்டும்."

பலராமன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, துக்கம் சொல்ல வந்தவன் நிற்பதுபோலக் களத்தின் விளிம்பில் நின்றார். அப்போதுதான் அவருடைய கால்களில் ஊசிகள் குத்தத் தொடங்கின.

"அல்போன்சா, அம்மா தவறிப்போச்சு" என்றார். "அப்பா உன்ன ஒடனே வரச் சொன்னாரு. அவருதான் வரச் சொன்னாரு."

அல்போன்சா முறத்தை நெல்லின்மேல் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். கணவன் பக்கம் திரும்பி, அப்போதுதான் செய்தி வந்ததுபோலவே சொன்னாள்.

"எங்க அம்மா தவறிப்போச்சாம். எங்கப்பா வரச் சொல்லி ஆளு அனுப்பியிருக்காரு. நான் போவணும்."

மரியதாஸ் தூற்றாமல் கிடந்த நெல்லைப் பார்த்தான். பிறகு பலராமனைப் பார்த்தான்.

"சைக்கிள எடுத்தாறேன். ரெண்டு பேருமா போவோம்" என்றான்.

அவர்கள் முன்னே போனார்கள். பலராமன் பின்னால் மிதித்தார். நெட்டப்பாக்கம் தாண்டியதும், கேரியரில் உட்கார்ந்திருந்த அல்போன்சா திரும்பிக் கேட்டாள். "மணி இன்னும் அவருதான் அடிக்கிறாரா?"

"இன்னி வரைக்கும் அவருதாம்மா" என்றார் பலராமன்.