ஒப்புதல் பெற்ற காற்று

அந்த நிலையத்தில் காற்றுகூட ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் வீசும்.

அணு உலையில் கசிவு ஏற்பட்டால் கதிர்வீச்சுத் துகள்கள் எந்தப் பக்கம் பரவும் என்று கணினியில் கணக்கிட்டுப் படம் போடுவது அவள் வேலை. ஒரு ஒத்திகையின்போது, கூரைமேல் இருந்த காற்றுமானி காட்டியதை அப்படியே கணினிக்குக் கொடுத்துவிட்டாள். படத்தில் சிவப்புப் பட்டை போய் அதிகாரிகள் குடியிருப்பின்மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. மறுநாளே குழு கூடியது. இனிமேல் காற்று தரையிலிருந்து கடலுக்குத்தான் வீசும் என்று ஒருமனதாக முடிவானது.

"கடலுக்குப் போனா யாருக்கும்மா நஷ்டம்? மீன் வந்து மனு குடுக்கப் போகுதா?" என்றார் பிரிவுத் தலைவர். கணினியில் காற்றுக்கான கட்டத்தைப் பூட்டிக் கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை ஒத்திகை இல்லாமலே சங்கு ஊதியது. குழாய் ஒன்று வெடித்திருந்தது. கணினி செக்குமாடு மாதிரி பழகிய தடத்திலேயே போய்க் கடல்மேல் சிவப்பைப் பூசியது. படம் தொலைக்காட்சிக்கும் போய்விட்டது. கடலோர மக்களை ஏற்றிக்கொண்டு மேற்கே இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பேருந்துகள் கிளம்பின.

ஜன்னலுக்கு வெளியே உணவகத்துப் புகை மேற்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"சார், காத்து கடல்லேருந்து ஊருக்குள்ள வீசுது. கடவுச்சொல்லைச் சொல்லுங்க, மாத்திடறேன்."

"குழு முடிவு பண்ணினதை நான் ஒருத்தன் எப்படிம்மா மாத்தறது? வியாழக்கிழமை கூடறாங்க."

"அதுவரைக்கும் காத்து காத்திருக்குமா சார்?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

அவளுடைய அண்ணன் பேருந்து ஓட்டுநர். போன் செய்தபோது அவன் வண்டியில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, மேற்கே போகாதே. கடலோர ரோட்டைப் பிடிச்சு வடக்கே போ."

"என்ன பாப்பா உளர்றே? நீ போட்ட படத்தைத்தானே டிவியில காட்டறாங்க! என் தங்கச்சி போட்டதுன்னு பஸ்ஸு பூரா சொல்லிட்டேன்."

"அது தப்பான படம்ணா."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் திருப்பிடுவேன். இவங்க விடணுமே? சிவப்பா இருக்கிற பக்கம் எங்கடா போறேன்னு சட்டையைப் பிடிப்பாங்க. நீ படத்தை மாத்து, நான் பஸ்ஸைத் திருப்பறேன்."

பிரிவுத் தலைவர் தலைவாரிக்கொண்டு கேமரா முன்னால் போயிருந்தார். தன் பதவிமேல் அவருக்கு இருந்த பாசம் அவளுக்குத் தெரியும். அவருடைய பதவிப் பெயரையே தட்டினாள். பூட்டு திறந்துகொண்டது.

உண்மையான காற்றைக் கொடுத்தாள். சிவப்புப் பட்டை கடலைவிட்டு எழுந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. தலைவர் ஓடிவந்து கத்தி, பழைய படத்தையே திரும்பப் போட்டார். அதற்குள் அண்ணனின் பேருந்தில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் வந்த புதுப் படத்தைப் போனில் பார்த்துவிட்டார்கள். வண்டி வடக்கே திரும்பியது.

அவர்களை இறக்கிவிட்டு அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். மற்றப் பேருந்துகள் கொண்டுபோய் இறக்கியவர்களை ஏற்றிவரத் தொடங்கினான். பொழுது சாயும்வரை போய்ப்போய் வந்தான்.

"போதும்ணா, வந்துடு" என்று போனில் அழுதாள்.

"நீ சிவப்பு அடிச்ச இடத்துல ஆளுங்களை விட்டுட்டு நான் எப்படி பாப்பா வீட்டுக்கு வர்றது?"

அவள் வேலை போயிற்று. அடுத்த ஆண்டு, ரத்தத்தில் வந்த நோயால் அண்ணனும் போனான். அன்றைக்கு அவன் உடம்பில் ஏறிய கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்க அண்ணியைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். குழு ஒப்புதல் தந்த காற்றை வைத்துக் கணக்கிட்டதில் பள்ளிக்கூடத்துப் பக்கம் கதிர்வீச்சே இல்லை என்றார் பிரிவுத் தலைவர்.

"அப்போ எங்க வீட்டுக்காரருக்கு என்னதாங்க வந்துச்சு?" என்றாள் அண்ணி.

தலைவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் பரிவோடு நகர்த்தினார்.

"அது டாக்டருங்க விஷயம்மா. எங்க கணக்குப்படி அவர் நல்லாத்தான் இருக்கார்."